கேக்குக்கும் செய்கூலி உண்டு

தாம்பரம் மேற்கே சண்முகம் சாலையில் ஆரம்பித்து, ரயில் பாதையைத் தாண்டிக் கிழக்கே சேலையூர் கேம்ப் ரோடு வரைக்கும் எந்த பேக்கரி வாசலில் நின்றாலும் காதில் விழுகிற முதல் கேள்வி “கிலோ என்ன விலை?” என்பதுதான். பிறந்தநாளுக்கு வாங்குகிறவர் கேட்கிறார், வளைகாப்புக்கு வாங்குகிறவர் கேட்கிறார். பன்னிரண்டு ராசியையும் மேலே வைத்து ஒரு அடுக்கு கேக் வேண்டும் என்று கைப்பேசியில் படத்தோடு வருகிறவரும் அதையேதான் கேட்கிறார். இந்த வேலை நடக்கிற சமையற்கட்டில் நின்று, முட்டை அடிப்பதிலிருந்து பெட்டியில் வைத்துக் கட்டுவது வரை பார்த்தபின், அந்தக் கேள்வியே தவறு என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். எடையை வைத்து விலை சொல்கிற வழக்கம் இந்தத் தொழிலில் திறமைசாலியைத் தண்டிக்கிறது. நகைக்கு இருப்பதுபோலக் கேக்குக்கும் செய்கூலி என்று ஒரு கணக்கு தனியாக இருக்க வேண்டும்.

அடுக்கு கேக்கின் உடம்பு ஸ்பாஞ்ச். முட்டையையும் சர்க்கரையையும் இளஞ்சூடாக்கி மெஷினில் அடிக்கிறார்கள். தூக்கினால் ரிப்பன்போல மடிந்து விழுகிற பதம் வரும்போது கலவை ஏறக்குறைய மூன்று மடங்காகப் பொங்கியிருக்கும். அதில் புதிதாகச் சேர்ந்தது காற்று மட்டும்தான். அதன்மேல் மைதாவைச் சலித்துத் தூவி, பிடித்த காற்று போய்விடாமல் மடித்து மடித்துக் கலப்பதில்தான் மாஸ்டரின் கை தெரியும். அவசரப்பட்டால் குமிழ் உடைந்து கேக் தட்டையாகிவிடும். வெந்து நன்றாக ஆறிய பிறகுதான் வெட்டு. சுழலும் தட்டின்மேல் கேக்கை வைத்து, பல் வைத்த நீளக் கத்தியை ஒரே உயரத்தில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தட்டைச் சுற்றுகிறார்கள். முதலில் ஓரத்தைச் சுற்றி ஒரு கீறல். அந்தக் கீறலையே தடமாக வைத்துக் கத்தி உள்ளே இறங்குகிறது. மூன்று தகடும் ஒரே கனத்தில் வர வேண்டும். ஒன்று சாய்ந்தால் அதன்மேல் வருகிற எல்லாம் சாயும். பிறகு சர்க்கரைப் பாகை பிரஷ்ஷால் ஒற்றுவது. குறைந்தால் கேக் தொண்டையை அடைக்கும், கூடினால் அடித்தகடு கூழாகும். க்ரீம், அடுத்த தகடு, மறுபடி பாகு, மறுபடி க்ரீம். கடைசியில் சுவருக்கு முதல் பூச்சு அடிப்பதுபோல மெல்லிசாக ஒரு க்ரீம் பூச்சு. உதிர்கிற தூளை அது பிடித்துக்கொள்ளும். குளிரவைத்து எடுத்து அதற்குமேல்தான் கண்ணுக்குத் தெரிகிற பூச்சு.

இத்தனை வேலையிலும் எடை எங்கே கூடுகிறது என்று பாருங்கள். பாகிலும் க்ரீமிலும்தான். நன்றாகப் பொங்கிய ஸ்பாஞ்ச் கையில் எடுத்தால் பஞ்சுபோல இருக்கும், தராசில் நிற்காது. சரியாகப் பொங்காத ஸ்பாஞ்சில் பாகை ஊற்றி, க்ரீமை அப்பி, மேலே ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவைத் தடிமனாக இழுத்துப் போர்த்தினால் தராசு தானாக இறங்கும். ஆக, கிலோ கணக்கில் கைதேர்ந்தவர் செய்த லேசான கேக்குக்குக் காசு குறைவு, பாகில் ஊறிய கனத்த கேக்குக்குக் காசு அதிகம். காற்றைப் பிடித்து வைப்பதே திறமையாக இருக்கிற ஒரு வேலைக்குத் தராசு எப்படி நீதி சொல்லும்?

ராசி கேக்கில் இந்த அநியாயம் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. மேல்நாட்டுப் படங்களில் ராசிகள் வட்டமாகச் சுற்றி வரும். நம் ஜாதகக் கட்டம் சதுரம். அதை அப்படியே கேக்காக்கினால் 12 அங்குலச் சதுரத்தின் ஓரங்களில் மூன்று மூன்று அங்குலமாகப் பன்னிரண்டு கட்டங்கள் வரும். நடுவில் ஆறு அங்குலச் சதுரம் பெயர் எழுதுவதற்குக் காலியாகக் கிடைக்கும். மேல்வரிசையில் இடது மூலை மீனம், அடுத்தது மேஷம், அங்கிருந்து வலஞ்சுழியாக ரிஷபம், மிதுனம் என்று வந்து கும்பத்தில் முடியும். கேக்குக்கென்றே யாரோ வரைந்து வைத்ததுபோன்ற அமைப்பு. ஆனால் அந்தப் பன்னிரண்டும் பன்னிரண்டு விதமான வேலை. கும்பம் சுலபம், ஒரு குடத்தை உருட்டிக் கழுத்தை அழுத்தினால் போதும். சிம்மத்தின் பிடரியை மயிர்மயிராகக் கீற வேண்டும். விருச்சிகத்தின் வால் காய்வதற்குள் துவண்டுவிடும், காய்ந்தபின் தொட்டால் ஒடியும். துலாம்தான் உண்மையான சோதனை: நூல்போல உருட்டிய சர்க்கரை மாவில் இரண்டு தட்டுகள் சமமாகத் தொங்க வேண்டும்.

கைக்கு முன்னால் தலைக்கும் வேலை இருக்கிறது. ஏப்ரல் 5-ஆம் தேதி பிறந்தவர் மேல்நாட்டுக் கணக்கில் மேஷம். நம் கணக்கில் அன்று சூரியன் இன்னும் மீனத்தில். சித்திரை முதல் நாளில்தான் மேஷத்துக்கு வருகிறது. அதுபோக, “என் ராசி” என்று நாம் சொல்வது பிறந்த வேளையில் சந்திரன் நின்ற ராசியை. ஆகவே அவருடைய ராசி பன்னிரண்டில் எதுவாகவும் இருக்கலாம். மகரம் மேல்நாட்டுப் படத்தில் மீன் வால் வைத்த ஆடு, நம் கோயில் சிற்பத்தில் முதலையும் மீனும் கலந்த உரு. மிதுனம் அங்கே இரட்டையர், இங்கே ஆணும் பெண்ணும். வாங்குகிறவர் மனதில் எந்தப் படம் இருக்கிறது என்று பேசித் தெரிந்துகொள்ளாமல் கைவைத்தால் மொத்த உழைப்பும் வீண். மாதிரியைக் காட்டி “இதைப்போல” என்று கேட்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம்தான். தலைச்சேரியில் 1883-இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்து கேக் ஒன்றைக் காட்டி அதைப்போலச் செய்யச் சொன்னதும், மாம்பள்ளி பாபு உள்ளூர்ப் பொருள்களை வைத்துச் செய்து கொடுத்ததும்தான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் கதையாக அந்த ஊரில் சொல்லப்படுகிறது. அன்றும் இன்றும் மாதிரியைப் படித்து அதைத் தன் கைக்குக் கொண்டுவருவது மூளை உழைப்பு. அதற்கு எந்தத் தராசிலும் படிக்கல் கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு உருவத்துக்குக் கால் மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், துலாத்துக்கும் சிம்மத்துக்கும் அது போதாது. பன்னிரண்டுக்கு மூன்று மணி நேரம். ஒவ்வொன்றும் 15 கிராம் என்றால் மொத்தம் 180 கிராம். கிலோ 1000 ரூபாய் என்றால் அந்த மூன்று மணி நேரத்துக்கு வருவது 180 ரூபாய், சர்க்கரையும் கலரும் உட்பட. தீம் கேக் என்றால் கிலோவுக்கு இவ்வளவு கூடுதல் என்று கடைகளில் ஏற்கெனவே வாங்குகிறார்களே என்று கேட்கலாம். அந்தக் கூடுதலும் எடையோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு கிலோ கேக்கின்மேல் வைத்தாலும் நாலு கிலோ கேக்கின்மேல் வைத்தாலும் அதே பன்னிரண்டு உருவம், அதே மூன்று மணி நேரம். கூடுதல் மட்டும் நாலு மடங்கு. சின்ன கேக் வாங்குகிறவரிடம் கடை இழக்கிறது, பெரிய கேக் வாங்குகிறவரிடம் அதைப் பிடிக்கிறது. இருவருக்குமே நியாயமில்லை.

சென்னை வெயிலும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். சித்திரை பிறக்கும்போதே பகல் வெப்பம் 35 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும். வெண்ணெய் உருகுவதும் அந்தச் சுமாருக்குத்தான், சாக்லேட்டின் கொக்கோ கொழுப்பும் அப்படியே. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஃபாண்டன்ட் உருவம் வெளிக்காற்று பட்டதும் வியர்க்கிறது. நீர் கோத்து, சிவப்புக் கலர் வெள்ளையில் இறங்குகிறது. ஜெல்லி அடுக்குக்கு ஜெலட்டின் போட்டால் வெயிலில் இளகும், சைவக்காரர்களும் சாப்பிட மாட்டார்கள். அதனால் அகர் அகர், நாம் கடல்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் சொல்வது. ஒருமுறை உறைந்தால் 85 டிகிரி வரை உருகாது. அது எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூச்சை அடக்கி மூழ்கி, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பிடுங்குகிற மரிக்கொழுந்து பாசியிலிருந்து அகர் எடுக்கிறார்கள். அவர்களுக்கும் கூலி கிலோ கணக்கில்தான். மூச்சடக்கிய நேரத்துக்கு அங்கேயும் விலை கிடையாது.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. கிலோ விலை வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு. அதை எடுத்துவிட்டால் கடைக்காரர் வாய்க்கு வந்ததைச் சொல்வார், கடைக்குக் கடை ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. இந்தக் கவலை நியாயமானது. ஆனால் எடையை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தங்கத்தையும் எடை போட்டுத்தான் விற்கிறார்கள். செய்கூலி, சேதாரம் தனியாக வருகிறது, அதில் பேரமும் நடக்கிறது. ஆரி வேலை செய்த ரவிக்கைக்குத் துணி விலையைவிடக் கூலி பல மடங்கு. அதை யாரும் மீட்டர் என்ன விலை என்று கேட்பதில்லை. கேக்குக்கும் பொருள் எடைக்கு ஒரு விலை, கைவேலைக்கு ஒரு விலை என்று இரண்டு வரியாகச் சொன்னால் ஒப்பிடுவது முன்பைவிடச் சுலபம். ராசிப் படத்தை அச்சடித்த சர்க்கரைத் தாளாக ஒட்டினால் போதுமென்கிறவர் அந்தச் செய்கூலியை மிச்சம் பிடிக்கலாம். மைசூர்பாகையும் லட்டையும் கிலோவில் விற்கிறோமே என்றால், அங்கே ஒரே சட்டியில் கிளறியது ஒரே மாதிரி நூறு பேருக்குப் போகிறது, கிலோவுக்கு உழைப்பு மாறுவதில்லை. ராசி கேக் ஒவ்வொன்றும் ஒருவருக்காகவே செய்வது. பில் போடுவதிலும் கஷ்டமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கேக்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது, பில்லில் ஓர் எண்ணை மாற்றினார்கள். வரிக்கு இடம் இருக்கிற பில்லில் கூலிக்கும் இடம் இருக்கும்.

இன்னொரு பேச்சு, சிட்லபாக்கத்திலும் மாடம்பாக்கத்திலும் பெருங்களத்தூரிலும் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் பெண்களைப் பற்றியது. கடை வாடகை இல்லை, ஆள் சம்பளம் இல்லை, குறைவாகத்தானே கொடுக்க வேண்டும் என்கிறார்கள். ஆள் சம்பளம் இல்லை என்றால், அந்த ஆள் அவரேதான், அவருக்குச் சம்பளம் இல்லை என்று அர்த்தம். வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாக வேண்டும். சட்டம் அதைத் தொழில் என்கிறது, வாங்குகிற நாம்தான் பொழுதுபோக்கு என்கிறோம். பிள்ளைகள் தூங்கியபின் இரவு உட்கார்ந்து தேளின் வாலை ஒட்டுகிற நேரத்துக்குப் பூஜ்யம் போட்டால், அந்தப் பூஜ்யம் அங்கேயே நிற்பதில்லை. அந்த விலையைக் காட்டித்தான் பேக்கரியிலும் பேரம் நடக்கிறது. அங்கே மாதச் சம்பளத்துக்கு நிற்கும் மாஸ்டருக்கும், வடமாநிலத்திலிருந்து வந்து பாத்திரம் கழுவுவதில் தொடங்கிக் க்ரீம் பூசக் கற்றுக்கொண்ட தம்பிக்கும் சம்பளம் ஏறாமல் போகிறது.

செய்கூலி என்று தனியாக வாங்கினாலும் முதலாளி பைக்குத்தான் போகும் என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. போகலாம். ஆனால் எண்ணாக எழுதப்பட்ட கூலியைக் காட்டி மாஸ்டர் தன் பங்கைக் கேட்க முடியும். எடைக்குள் கரைந்துபோன கூலியைக் காட்டி எதையும் கேட்க முடியாது. எழுத வைப்பது வாங்குகிறவர்களால்தான் முடியும். சித்திரை முதல் நாளுக்கோ அறுபதாம் கல்யாணத்துக்கோ ராசி கேக் சொல்லப் போகிறவர்கள் எடையைக் கேளுங்கள், பொருளைக் கேளுங்கள், அதோடு செய்கூலி எவ்வளவு என்றும், அது செய்கிறவர் கைக்குப் போகிறதா என்றும் கேளுங்கள்.