‘கடலுக்குப் போகாதீங்க’ மட்டும் போதுமா? பழவேற்காட்டு வானொலியில் வர வேண்டிய கதைகள்!

பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் வானொலிக்குத் தனி மரியாதை உண்டு. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற ஓர் அறிவிப்பில் அன்றைக்கு அடுப்பு எரியுமா, எரியாதா என்பது முடிவாகிவிடும். எண்ணூரில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், ஸ்ரீஹரிகோட்டாவில் என்றைக்கு ராக்கெட் விடுகிறார்கள் என்பதெல்லாம் இங்கே பொழுதுபோக்குச் செய்தி கிடையாது, பிழைப்பு.

இப்போது அந்தத் தகவல்கள் செல்போனிலும் வந்துவிடுகின்றன. ஆனால், அன்றும் இன்றும் ஒன்று மட்டும் மாறவில்லை. எங்கிருந்தோ ஒருவர் சொல்கிறார், குப்பத்து மக்கள் கேட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் பேசி மற்றவர்கள் கேட்பது எப்போது?

வலை பின்னும்போதும், மீன் பிரிக்கும்போதும் கை ஓயாது. காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்காகவே உருவானது போன்றதுதான் பேச்சு வானொலி. பாட்டுக்கு நடுவே ஒட்டவைக்கும் பேச்சைச் சொல்லவில்லை. ஊரின் வரலாறு, வாழ்க்கை, வழக்கம் பற்றி உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சிகள்.

நூறு வயது தாண்டிய சத்தம்

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1924 ஜூலை 31-ல் சென்னையில் ‘மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்’ ஒலிபரப்பைத் தொடங்கியது. பணம் இல்லாமல் 1927-ல் நின்றுபோனதை, 1930-ல் சென்னை மாநகராட்சி கையில் எடுத்தது. வீட்டில் பெட்டி இல்லாதவர்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது.

அதன்பிறகு நடந்தது நம் வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியும். தென்கச்சி கோ.சுவாமிநாதனின் ‘இன்று ஒரு தகவல்’ கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பியவர்கள் எத்தனை பேர்! தஞ்சைப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தை விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். வானொலியில் பேசிப் பேசியே வயலுக்கு வந்த நெல் அது. பேச்சுக்கு அவ்வளவு பலம் இருந்தது.

ஆனால், யார் பேசலாம் என்பது நீண்ட காலம் அரசின் கையில்தான் இருந்தது. 1995-ல் உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் சமுதாய வானொலி தொடங்கியது. 2006-ல் தொண்டு நிறுவனங்களும் அனுமதி கேட்கலாம் என்று கதவு திறந்தது. 2008-ல் தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில், கிராமத்து தலித் பெண்கள் நடத்தும் ‘சங்கம் ரேடியோ’ வந்தது. 2016-ல் ராமேசுவரம் தீவின் பாம்பனில் மீனவர்களுக்காகவே ‘கடல் ஓசை’ 90.4 ஒலிக்கத் தொடங்கியது.

“இத யாரும்மா கேப்பா?”

பழவேற்காடு, மீஞ்சூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. அங்கே ஒரு குப்பத்துக் குடும்பம், பெண்ணின் படிப்புக்காக மீஞ்சூருக்குக் குடிவந்துவிட்டது. அவள் தினமும் மின்சார ரயிலேறி சென்னைக் கல்லூரிக்குப் போகிறாள். காதில் ஹெட்செட். சோழர் வரலாறு, உலகப்போர், எகிப்து என்று ஒவ்வொரு நாளும் ஒரு பேச்சு. ஒருநாள் டச்சுக்காரர்கள் பற்றிய பேச்சில் ‘புலிகாட்’ என்ற பெயர் வந்தது. அது தன் ஊர்தான் என்று உறைக்கவே அவளுக்குச் சில நொடிகள் ஆயின.

அந்த ஞாயிற்றுக்கிழமை குப்பத்தில் இருக்கும் தாத்தாவிடம் போனாள். செல்போனில் ரெகார்டரைப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

“தாத்தா, பாடு சீட்டு எப்போ ஆரம்பிச்சது?”

“எப்பன்னு யாருக்கும்மா தெரியும்? எங்க தாத்தா காலத்துலயே சீட்டுதான் போட்டாங்க. முகத்துவாரத்துப் பக்கம் எடம் வுழுந்தா அன்னிக்கு இறால் கொட்டும். வுழலன்னா அடுத்த மொறைக்குக் காத்துனு இருப்போம். ஒருத்தனே அள்ளித் தின்னக் கூடாதுன்னு பெரியவங்க வெச்சது.”

ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பிரித்துக்கொள்வதுதான் பாடு. கூட்டமாக வாழ்பவர்கள் சண்டையில்லாமல் ஒரு தண்ணீரைப் பங்கிடக் கண்டுபிடித்த வழி. ஆய்வாளர்கள் இதைப் பற்றிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். பேத்திக்கு அது தெரியாது. அப்பா கம்பெனி வேலைக்குப் போனதால், வீட்டில் யாரும் சொல்லவில்லை.

அரை மணி நேரம் பேசிவிட்டு தாத்தா கேட்டார், “சரி, இத வெச்சினு என்னா பண்ணப் போற? இத யாரும்மா கேப்பா?”

அவளிடம் பதில் இல்லை. செல்போனில் அந்தப் பதிவு மட்டும் இருக்கிறது.

வரப்போகும் நிகழ்ச்சிகள்

பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஒரு பேச்சு வானொலி நாளை தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் வார நிகழ்ச்சி நிரல் எப்படி இருக்கலாம்?

திங்கட்கிழமை, பாடு. சீட்டுப் போட்ட பெரியவர்கள் வந்து பேசுவார்கள். தலைக்கட்டு என்றால் என்ன, தகராறு வந்தால் யார் தீர்த்தார்கள், பாட்டில் இடமில்லாதவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் சேர்த்து.

செவ்வாய்க்கிழமை, கோட்டைக்கு வெளியே. 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. வருகிற சுற்றுலாப் பயணிகள் டச்சுக் கல்லறைத் தோட்ட வாசலில் உள்ள எலும்புக்கூடு சிற்பங்களைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். கல்லறையில் இருப்பவர்களுக்குக் கல்லில் பெயர் இருக்கிறது. கப்பல் கப்பலாகத் துணி நெய்து கொடுத்த நெசவாளிகளுக்கும், இதே துறையிலிருந்து அடிமைகளாக பட்டாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றிச் செல்லப்பட்ட ஏழைகளுக்கும் கல் இல்லை. அவர்களைப் பற்றிப் பேச ஒரு மணி நேரமாவது வேண்டாமா?

புதன்கிழமை, கைவேலை. பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடையும் இஸ்லாமியப் பெண்கள், முட்டியளவு தண்ணீரில் கையாலேயே தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள். ஒரே ஏரிக்கரையில் இருந்தாலும் ஒருவர் கதை ஒருவருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை, முகத்துவாரம். கடலும் ஏரியும் சேரும் வாய் மணல் மூடினால் படகு போகாது, இறால் குஞ்சு உள்ளே வராது. துறைமுகங்கள் வந்தபிறகு கரை எப்படி மாறியது, காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை மீனவர்கள் ஏன் எதிர்க்கிறார்கள், அதிகாரிகள் என்ன சொல்கிறார்கள்? இரு தரப்பும் ஒரே மைக் முன்னால் உட்கார வேண்டிய நிகழ்ச்சி இது.

வெள்ளிக்கிழமை, சுனாமி. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள். அன்று கரையில் நின்றவர்கள் அவர்களிடம் நேராகப் பேசுவார்கள்.

செல்போன் இருக்க வானொலி எதற்கு?

நியாயமான கேள்விதான். யூடியூபில் யார் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால், அங்கே ஊர்ப் பேச்சு ஊர்க்காரர்களையே தேடி வரும் என்று நிச்சயமில்லை. எப்போதோ வந்த புயலின் வீடியோவும் இன்றைக்கு வந்ததுபோல வாட்ஸ்அப்பில் சுற்றும். உள்ளூர் வானொலிக்கு நேரம் உண்டு. பேசுபவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது தெரியும். தப்பாகச் சொன்னால் மறுநாள் மீன் ஏலத்தில் பிடித்துக் கேட்கலாம். டேட்டா தீர்ந்தாலும் டவர் விழுந்தாலும், நிலையம் இயங்கும்வரை சின்ன ரேடியோப் பெட்டி பேசும்.

சிரமங்களும் உண்டு. சமுதாய வானொலிக்கு 100 வாட்ஸ் சக்திதான். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குத்தான் கேட்கும். சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே தரலாம், அவ்வளவே. விளம்பர வருமானம் சொற்பம் என்பதால், தொடங்கிய பிறகு நடத்துவதுதான் பெரும்பாடு. ஆனால், விதிமுறையிலேயே ஒரு நல்ல வரி இருக்கிறது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரிலேயே தயாரிக்கப்பட வேண்டும், அதுவும் முடிந்தவரை உள்ளூர் மொழிவழக்கில். குப்பத்துத் தமிழைத் திருத்திப் பேச வேண்டியதில்லை.

ஒலிபரப்பு அனுமதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. பதிவு செய்வது. பாடு சீட்டு குலுக்கிய கைகளுக்கு வயதாகிவிட்டது. அந்த விவரம் பெரும்பாலும் அவர்கள் வாயில்தான் இருக்கிறது. ஊருக்கு நாலு பிள்ளைகள் செல்போனோடு உட்கார்ந்தால் போதும்; கேள்வி கேட்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. டிரான்ஸ்மிட்டரை பிறகு வாங்கிக்கொள்ளலாம். பேசுவதற்கு ஆள் இல்லாமல் போன பிறகு, எத்தனை வாட்ஸ் இருந்தும் என்ன பயன்?