பின்னால் ஓடிய கார்

கார் வாங்குவது ஆண்கள் சமாசாரம் என்று நினைத்து இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மாமியின் அட்டியல் விலைபோகவிருந்த அன்றுதான் என் புத்தி விழித்தது.

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில். மாமிக்கு வயது எழுபத்து மூன்று. இரண்டு முழங்கால்களும் அவரைப் பகைத்துக்கொண்டு நாலு வருஷம். எங்களிடமிருந்த சின்னக் காரோ தரையோடு பதுங்கிக் கிடக்கும். அதில் ஏறுவது கிணற்றில் இறங்குவது போல. வெளியே வர இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். கலியாணமோ, கோயிலோ, எதற்குக் கூப்பிட்டாலும், "நான் வீட்டில இருக்கிறன் பிள்ளை, நீங்கள் போட்டு வாங்கோ" என்பார்.

2024இல் ஒரு நாள், சாவகச்சேரியில் இருக்கும் அவருடைய அக்காவுக்குச் சுகமில்லை என்று செய்தி வந்தது. மாமி ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பிடவுமில்லை. மறுநாள் காலை அட்டியலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"இது பெட்டிக்குள்ள கிடந்து ஆருக்குப் பிரயோசனம்? வித்துப்போட்டு, நான் ஏறக்கூடிய கார் ஒண்டு வாங்குங்கோ."

அப்படிப்பட்ட கார் எது? காரின் உடம்பும் ஜீப்பின் உயரமும் கொண்ட 'குரொஸ்ஓவர்' வண்டிதான். அதன் இருக்கை நம் இடுப்பு உயரத்துக்குக் கிட்ட இருக்கும். ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். நாற்காலியில் அமர்வதுபோல் அமர்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டால் போதும்.

கொழும்புத் தெருவில் பத்து நிமிஷம் நின்றால் ஹொண்டா வெஸல் ஒன்றாவது கண்ணில் படும். ஜப்பானில் 2013 டிசம்பரில் வெளிவந்தது. பெட்ரோல் தாங்கியை முன் இருக்கைகளுக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். ஆகையால் பின் இருக்கையை மடித்தால் தரை சமமாகிவிடும். சக்கர நாற்காலியே உள்ளே போகும். பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து இழுக்கும் ஹைபிரிட் வகை, நகர நெரிசலில் எண்ணெய்ச் செலவை மிச்சம் பிடிக்கும். 2022இல் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று கியூ ஆர் அட்டையில் பெட்ரோல் வாங்கிய நமக்கு அதன் அருமை தெரியாதா?

விலைதான் மலைப்பு. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது. இடையிலே பழைய கார்களெல்லாம் தங்கம் போல் விலையேறின.

என் கணவர் முதலில் பார்த்து வந்தது 2014ஆம் வருஷத்து வெள்ளை வெஸல். கல்யாணப் பெண் மாதிரி மினுக்கி வைத்திருந்தார்கள். மீற்றரில் 58,000 கிலோமீற்றர். "கிழமைக்கு ஒருநாள் கோயிலுக்கு மட்டும் ஓடினது" என்றார் விற்பவர். இவர் முற்பணம் கொடுக்கவே தயாராகிவிட்டார்.

"இஞ்சாருங்கோ, ஏலத் தாள் எங்கே?" என்று கேட்டேன். அலுவலகத் தோழி சொல்லித் தந்த பாடம் அது. ஜப்பானில் பழைய கார்கள் ஏலத்தில் விலைபோகும்போது, பரிசோதகர் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் எழுதுகிறார். அதில் காருக்கு மதிப்பெண் இருக்கும், 4, 4.5 என்றால் நல்லது. R என்றால் அடிபட்டுத் திருத்தியது. காரின் படத்தில் A என்றால் கீறல், U என்றால் நெளிவு, XX என்றால் மாற்றிய பாகம். ஓடிய தூரமும் இருக்கும். சசி இலக்கத்தைக் கொடுத்தால் தாளின் பிரதியைத் தேடித் தருபவர்கள் உண்டு.

இரண்டு நாளில் தாள் வந்தது. 2017இல், ஜப்பானில் ஏலம் போன அன்றே அந்தக் கார் 63,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது! அதற்குப் பிறகு ஏழு வருஷம் இலங்கையில் ஓடி, கணக்கு ஐயாயிரம் குறைந்திருக்கிறது. அத்தனை வருஷமும் பின்பக்கமாகவே ஓடியதோ என்னவோ! என் கணவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அன்று முழுதும் வீட்டில் வெகு அடக்கமாக நடந்துகொண்டார். அட்டியல் தப்பியதை நினைத்தால் இன்னும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

கடைசியில் நாங்கள் வாங்கியது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய வெஸல். மீற்றரில் 1,34,000 இருந்தது. ஆனால் ஏலத் தாளில் சொன்ன நெளிவு சொன்ன இடத்திலேயே இருந்தது. பொய்யான 58,000ஐ விட உண்மையான 1,34,000 மேல் அல்லவா?

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் தலைமுறை ஹைபிரிட் வெஸலில் இருப்பது ஏழு வேக இரட்டைக் கிளச் கியர்பெட்டி. அதன் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்துவதற்காக 2014இல் கார்களைத் திருப்பி அழைத்தார்கள். ஆகவே, நண்பகல் நெரிசலில் ஊர்ந்தும், மேட்டில் நிறுத்தி எடுத்தும் பாருங்கள். உதறினால் வணக்கம் சொல்லி வந்துவிடுங்கள். ஹைபிரிட் பற்றரியைக் கணினி வைத்துச் சோதிக்காமல் காசு கொடுக்காதீர்கள். புதிது மாற்றப் பெருந்தொகை வேண்டும். அதைக் குளிர வைக்கும் காற்றுத் துவாரத்தைத் துணிமூட்டையால் அடைக்கவும் கூடாது. பின்பக்கத் தூண்கள் தடிப்பானவை. பின்னே எடுக்கும்போது கண்ணாடியை மட்டும் நம்பாதீர்கள். பின்கதவுக் கைபிடி ஜன்னலோரம் மேலே ஒளிந்திருக்கும். எங்கள் விருந்தாளிகள் அதைத் தேடிக் கதவைத் தடவுவது வேடிக்கை! உயரத்தைப் பார்த்து ஜீப்பென்று எண்ணி வெள்ளத்தில் இறக்கிவிடவும் வேண்டாம்.

அட்டியலை விற்காமல் அடகுதான் வைத்தோம். மாதாமாதம் கட்டி வருகிறோம். அது மாமியின் கழுத்துக்கே திரும்பும்.

கார் வந்த வாரமே சாவகச்சேரிக்குப் புறப்பட்டோம். ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தினோம். மூன்று முறையும் மாமி ஒருவர் கையையும் பிடிக்காமல் தானே இறங்கி, தானே ஏறினார். அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து இருவரும் விடிய விடியக் கதைத்த கதையை எழுத எனக்கு இங்கே இடமில்லை.

இன்னொரு ரகசியம். காரைக் கிளப்பும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு ஜப்பானியப் பெண் குரல் இனிமையாக ஏதோ சொல்லும். மாமியும், "ஓம் பிள்ளை, நல்லா இருக்கிறன்" என்று மறக்காமல் பதில் சொல்வார். அந்தப் பெண் சொல்வது, ஜப்பான் நெடுஞ்சாலைக் கட்டண அட்டையை இன்னும் போடவில்லை என்பதுதான். மாமிக்கு நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!