மீந்த மருந்து

சாத்தூர்ப் பக்கம் பட்டாசு ஆலையில் மறுபடியும் விபத்து என்று செய்தி வந்தது. மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்ததாம். வருடக்கணக்காக இதே காரணத்தைத்தான் படித்துவருகிறேன். படிக்கிறவருக்கு, செத்துப்போன தொழிலாளியின் கைதான் தவறு செய்தது என்று தோன்றிவிடும். சிவகாசியில் ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். "பொழைச்சு வந்த ஒரு அக்கா இருக்காங்க. அவங்ககிட்டயே கேளு" என்று வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு ஊருக்குக் கூட்டிப்போனார்.

தெருவெல்லாம் திண்ணைகளில் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அக்காவால் அந்த வேலையும் இப்போது முடியாது. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் புண் ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளங்கைப் பக்கமாக மடங்கிவிட்டன. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் நீட்டினார்.

பதினெட்டு வருடம் மருந்து அறையில் இருந்தவர். முதலில் வேலை பார்த்த கம்பெனியைப் பற்றிப் பேசும்போது குரலில் பெருமை தெரிந்தது. "வாசல்ல செப்புத் தகடு இருக்கும் தம்பி. அதைத் தொட்டுட்டுத்தான் உள்ள போகணும். ஒடம்புல இருக்குற கரண்டு எறங்கிரும். ஒரு ரூமுக்கு நாலு பேர்தான். கதவெல்லாம் வெளிப்பக்கமாத் தெறக்கும். இரும்புச் சாமானே உள்ள வராது." யாரும் வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. மூத்தவர்களைப் பார்த்துப் பழகியதுதான்.

தீபாவளி நெருக்கத்தில், குரோசுக்குக் கொஞ்சம் கூடுதல் கூலி என்று வேறு ஆலைக்கு மாறினார். அது உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை ஆளுக்குக் கொஞ்சமாக வாடகைக்குப் பிரித்துவிட்டிருப்பார். சட்டப்படி இது கூடாது. வாடகைக்கு எடுத்தவர் போட்ட பணத்தை ஒரே சீசனில் எடுத்தாக வேண்டும். நாலு பேர் அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். மிச்சப் பேருக்கு மரத்தடி.

ஒரு நாள் மழை மூட்டம், வேலை பாதியில் நின்றது. கலந்து மீந்த மருந்தை அன்றன்றைக்கே அழித்துவிட வேண்டும். அழித்தால் நட்டம் என்று மூடி வைத்துவிட்டார்கள். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் அது தானாகவே சூடேறத் தொடங்கும். மறுநாள் காலை அக்கா தொட்டுப் பார்த்திருக்கிறார். "சோறு வடிச்ச பானை மாதிரி கதகதன்னு இருந்துச்சு. சொன்னேன். வெயில்ல பரத்துங்க, சரியாயிரும்னுட்டாக." தட்டு எடுத்துவர அவர் வெளியே வந்த நேரம் வெடித்தது. உள்ளே இருந்த இரண்டு பெண்கள் பிழைக்கவில்லை.

அந்த விபத்துக்கும் உராய்வு என்றுதான் எழுதினார்கள். மருந்து சூடாக இருந்ததைத் தொட்டுப் பார்த்த ஒரே ஆள் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் நாற்பது பேர் அளவுக்கு இறந்தார்கள். காப்பாற்ற ஓடியவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல். அங்கும் உள்குத்தகைப் பேச்சு அடிபட்டது. விபத்து நடந்தால் போர்மேனைக் கைது செய்கிறார்கள். அறையை வாடகைக்கு விட்டே சம்பாதிக்கிறவர் அடுத்த சீசனுக்கு ஆள் பார்க்கிறார். நசுக்க வேண்டியது இந்த வாடகைப் பணத்தை. அதை விட்டுவிட்டு தொழிலாளிக்கு விழிப்புணர்வு முகாம் நடத்துவது அநியாயம். அக்காவுக்கு இல்லாத விழிப்புணர்வா?

வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரவேண்டும் என்ற சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. அக்காவின் பெயர் அந்த ஆலையின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வழக்கு நடக்கிறது. வேலையில் இறந்தவர்களையும் காயம்பட்டவர்களையும் நினைக்க ஏப்ரல் 28 என்று ஒரு நாள் உலகத்துக்கே இருப்பதை நண்பர் சொன்னார். "அன்னிக்கு என்ன செய்வாக?" என்று கேட்டார் அக்கா. மாலை போடுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள் என்றோம். "விபத்து விசாரணைக்கு எங்களையும் கூப்பிடச் சொல்லுங்க தம்பி. மருந்தைப் பாத்தாலே எங்களுக்குத் தெரியும்" என்றார்.

நாங்கள் கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். திங்கட்கிழமை வேலைக்குச் சேர்கிறாளாம். அக்கா அவளிடம், "கதவுகிட்ட உக்காரு. பின்னால பெட்டி அடுக்கி வழிய அடைச்சிருந்தா வேலை செய்யாத, வீட்டுக்கு வந்துரு" என்றார். "வந்துட்டா அன்னிக்குக் கூலியை யாரு அத்தை தருவா?" என்று கேட்டாள் அவள்.