வாட்ச்மேன் வீட்டில் ஒரு மாசம்!

நைரோபியில் பார்க்லண்ட்ஸ் என்றால் வசதியான ஏரியா. அங்கே எனக்கு இரண்டு பெட்ரூம் ஃப்ளாட், குழாயைத் திருகினால் வெந்நீர், ஃப்ரிட்ஜில் தோசை மாவு, கேட்டில் சிவப்புப் போர்வை போர்த்திய மசாய் வாட்ச்மேன். அத்தனையும் விட்டுவிட்டு நான் போய்த் தங்கியது... அந்த வாட்ச்மேன் வீட்டில்!

"ஒரு மாசம் லீவா? எதுக்கு?" என்றார் மானேஜர்.

"மாடு மேய்க்க சார்."

"நீ இங்கே பார்க்கிற வேலைக்கு அது எவ்வளவோ மேல்" என்று கையெழுத்துப் போட்டார்.

தெற்கே சுமார் 80 கிலோமீட்டரில் கஜியாடோ. மட்டாட்டு என்கிற மினி வேனில் இடித்துப் பிடித்துப் போய் இறங்கி, அங்கிருந்து நடை. வழியிலேயே வாட்ச்மேன் எச்சரித்தார்: "எங்கப்பாகிட்ட மாடு எத்தனைன்னு மட்டும் கேட்டுடாதீங்க. உங்க சம்பளத்தை யாராவது கேட்டா எப்படி இருக்கும்?" என்னை ஒப்படைத்துவிட்டு மறுநாளே டியூட்டிக்குத் திரும்பிவிட்டார். ஆக, அவர் வீட்டில் நான். என் வீட்டு வாசலில் அவர்!

மசாய்களில் வீடு கட்டுவது பெண்கள் வேலை. குச்சி நட்டு, மண்ணும் சாணமும் பூசி, வாட்ச்மேனின் அம்மா தன் கையாலேயே கட்டிய வீடு. ஆறடி ஆசாமியும் அங்கே பணிவாகக் குனிந்துதான் நுழைய வேண்டும். எல்லாரையும் போல நானும் அவரை 'யேயோ' என்றே கூப்பிட்டேன். அம்மா என்று அர்த்தம். பெரியவர்களைக் கண்டால் பிள்ளைகள் தலையைக் குனிந்து காட்டும். நாம் உச்சியைத் தொட வேண்டும். அதுதான் வணக்கம்.

காலையில் சுரைக்குடுக்கையில் பால். குடுக்கையின் உட்புறத்தைக் கொள்ளிக்கட்டையால் தேய்த்துச் சுத்தம் செய்வதால் பாலில் புகை வாசனை. 'ரத்தம் குடிப்பார்களாமே?' என்கிறீர்களா? அது விசேஷங்களுக்கு. எனக்குக் கிடைத்தது உகாலி (மக்காச்சோளக் களி), கீரை, சர்க்கரை தூக்கலாகப் பால் டீ.

என் கண்ணை உறுத்தியது முள்வேலி போட்ட பட்டிதான். நூறு மாடு தாராளமாக நிற்கலாம். ராத்திரி இருக்கிற மாடுகள் ஒரு மூலையில் அடங்கிவிடும். கேட்கத்தான் கூடாதே!

பெரியவரே ஒரு நாள் ஆரம்பித்தார். 2020 கடைசியிலிருந்து 2022 வரை வரிசையாக ஐந்து மழைக்காலம் பொய்த்ததாம். அதில் போனவைதான் அந்தக் காலி இடம். மகன் வாட்ச்மேன் ஆனதும் அப்போதுதான்.

முன்னெல்லாம் வறட்சி வந்தால் மழை பெய்கிற திசைக்கு மந்தையை ஓட்டிப் போய்விடுவார்கள். அதுதான் அவர்களுடைய இன்ஷூரன்ஸ். 1904-லும் 1911-லும் ஒப்பந்தம் என்ற பெயரில் வெள்ளைக்காரர்கள் நல்ல மேய்ச்சல் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு இவர்களைத் தெற்கே தள்ளினார்கள். மிச்சமிருந்த பொது நிலமும் 1980-களிலிருந்து தலைக்கு இத்தனை ஏக்கர் என்று துண்டு துண்டானது. கம்பிவேலி வந்தது. மழை வேலி பார்த்தா பெய்யும்?

துண்டு போட்டதும் வந்துவிட்டார் புரோக்கர். நைரோபி தெற்கே வீங்கிக்கொண்டே வருகிறது; என்னைப் போன்றவர்களுக்கு ஃப்ளாட் வேண்டுமே! இத்தனைக்கும் 'நைரோபி' என்பதே மசாய் வார்த்தை. குளிர்ந்த தண்ணீர் உள்ள இடம் என்று அர்த்தம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய இடத்துக்கு வைத்த பெயர்.

பேத்தி விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். மாசம் பிறந்ததும் வாட்ச்மேன் செல்போன் வழியாக எம்-பெசாவில் அனுப்பும் பணம்தான் ஃபீஸ். 'டிங்' என்று சத்தம் கேட்டதும் யேயோ சிரித்தார்: "இந்த மாசம் நிலம் தப்பிச்சுது!"

நான் கிளம்பிய அன்று புரோக்கரின் பத்திரம் குடுக்கைக்குப் பக்கத்தில் மடித்தபடியே கிடந்தது. "கையெழுத்துப் போடப் போறீங்களா?" என்று கேட்டேன். பெரியவர் பதில் சொல்லவில்லை. வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்.

"மார்ச்சிலே மழை வரட்டும். வந்துட்டா, அந்தக் காகிதத்தை யேயோ அடுப்புப் பத்த வெச்சுப்பா."