மலைக்குப் பின்னால் ஓடிய ரயில்

தேக்கு மரத்துக்காக வந்தது டிராம்வே. லாபம் குறைந்ததும் போய்விட்டது. பரம்பிக்குளத்தின் ஆதிவாசிகள் போகவில்லை.

கொல்லங்கோட்டில் எந்த வரப்பில் ஏறி நின்றாலும் தெற்கே மலை தெரிகிறது. பச்சை வயல் முடிகிற இடத்தில் நெல்லியாம்பதித் தொடர் சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது. மழைக்காலத்தில் சீதார்குண்டு அருவி அந்தச் சுவரில் வெள்ளைக் கோடு இழுக்கிறது. வார இறுதியில் செல்போன் காமிராவும் கையுமாக வருபவர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

அந்தப் பக்கம் இருப்பது பரம்பிக்குளம். கொல்லங்கோட்டை அடுத்த முதலமடை பஞ்சாயத்தைச் சேர்ந்த காடு. ஆனால் பாலக்காடு மாவட்டத்தின் இந்த மூலைக்குப் பயணிகள் தமிழ்நாட்டின் வழியாகத்தான் போக முடியும். பொள்ளாச்சிப் பக்கம் சுற்றி, சேத்துமடையில் ஒரு செக்போஸ்ட் தாண்டி, டாப்சிலிப் வரை மலையேறி, ஆனப்பாடியில் மறுபடியும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். இப்படி ஒதுங்கிக் கிடக்கும் காட்டில் நூறு வருடங்களுக்கு முன் ரயில் ஓடியது என்றால் நம்புவது சிரமம்.

ஓடியது. ‘கொச்சி ராஜ்ய வன டிராம்வே’ என்று அதற்குப் பெயர். அப்போது கொல்லங்கோடு பிரிட்டிஷாரின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தேக்கும் ஈட்டியும் விளைந்த பரம்பிக்குளமோ கொச்சி மகாராஜாவுக்குச் சொந்தம். காட்டில் பணம் மரமாக நின்றது. அதைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர வழி இல்லை. சொரனூரையும் எர்ணாகுளத்தையும் இணைக்கும் ரயில் பாதை 1902-ல் வந்தது. திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் தங்க முகபடாம்களை விற்று மகாராஜா ராம வர்மா அதற்குப் பணம் சேர்த்த கதை கேரளத்தில் பிரசித்தம். அந்தப் பாதையில் உள்ள சாலக்குடி வரை மரத்தைக் கொண்டுவந்துவிட்டால் போதும், கொச்சித் துறைமுகம் பக்கம்தான்.

1907-ல் டிராம்வே ஓடத் தொடங்கியது. சுமார் 80 கிலோமீட்டர், மீட்டர் கேஜ், ஜெர்மனியிலிருந்து வந்த எஞ்சின்கள். எஞ்சினால் ஏறவோ இறங்கவோ முடியாத செங்குத்தான சரிவுகளில் ஒரு எளிய தந்திரம் செய்தார்கள். சரிவின் உச்சியில் பிரேக் வைத்த பெரிய உருளை; அதைச் சுற்றி இரும்புக் கயிறு. கயிற்றின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறு முனையில் காலி வண்டி. பாரம் இறங்க இறங்க காலி வண்டி தானாக மேலே ஏறும். நீராவியும் வேண்டாம், கரியும் வேண்டாம். மரத்தின் எடையே மரத்தைச் சுமந்தது. இப்படிச் சாலக்குடி வந்த தேக்கு, கப்பலேறி ஐரோப்பா வரை போயிற்று.

மரத்தைத் தேடாமல் இந்தக் காட்டுக்கு வந்தவர்களும் உண்டு. திருவிதாங்கூர், கொச்சி ராஜ்யங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க 1933-ல் கிளம்பிய சாலிம் அலி, டிராம்வே பாதையில் உள்ள குரியார்குட்டியில் தங்கினார். அங்கே இப்போது அவர் பெயரில் பறவைகள் பற்றிய விளக்க மையம் இருக்கிறது.

ராஜ்யம் போய், லாபமும் குறைந்த பிறகு டிராம்வே அரசுக்குச் சுமையானது. 1963-ல் மூடிவிட்டார்கள். மிச்சத்தைக் காடு மூடிக்கொண்டது.

உலகத்தின் கைவிடப்பட்ட ஊர்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே கதைதான். வைரம் தீர்ந்ததும் நமீபியாவின் கோல்மன்ஸ்கோப்பை விட்டு 1956-க்குள் எல்லோரும் போய்விட்டார்கள். இன்று அங்கே வீட்டுக்குள் மணல் மேடு. நமது தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் ஒரே இரவில் முடித்தது. பரம்பிக்குளம் இந்தப் பட்டியலில் சேராது. கைவிட்டுப் போனது ரயில் மட்டும்தான். ரயிலுக்கு முன்பே அங்கே இருந்த காடர், மலசர், மலைமலசர், முதுவர் குடிகள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ரயில் போகும்போதே அடுத்த விருந்தாளி வந்துவிட்டது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம். கேரளத்து மண்ணில் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள், இயக்குவது தமிழ்நாடு. 1970-ல் இரு மாநிலங்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி தண்ணீர் சுரங்க வழியாகப் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வயல்களுக்குப் போகிறது. சித்தூர்ப்புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. விட வேண்டும். ஆதிவாசிக் குடியிருப்புகளின் பெயரிலேயே இந்த வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று ‘எர்த் டேம் காலனி’, இன்னொன்று ‘பி.ஏ.பி. காலனி’. காடு 1973-ல் சரணாலயமானது, 2010-ல் புலிகள் காப்பகம்.

இத்தனை பேர் வந்து போனதையும் பார்த்த ஒரு சாட்சி தூணக்கடவு அருகே நிற்கிறது: கன்னிமரத் தேக்கு. சுமார் 40 மீட்டர் உயரம், 7 மீட்டர் சுற்றளவு. வயது நானூற்றைம்பதை ஒட்டி இருக்கும் என்கிறார்கள். கோடாலி வைத்தபோது ரத்தம் கசிந்தது, அதனால் வெட்டாமல் விட்டு வணங்கத் தொடங்கினோம் என்பது ஆதிவாசிகள் சொல்லும் கதை. மரத்துக்காகவே ஒரு ரயில் போட்ட காட்டில் இப்படி ஒரு தேக்கு தப்பியது அதிசயம்தான். அதற்கு மத்திய அரசின் ‘மகாவிருட்ச’ விருதும் கிடைத்தது.

மரத்துக்கு விருது கிடைத்த காட்டில் மனிதர்களுக்கு வழி கிடைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. பரம்பிக்குளத்தின் ஒரு பகுதி தேக்கடி. இடுக்கியின் புகழ்பெற்ற தேக்கடியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது படகும் ஹோட்டலும் இல்லாத தேக்கடி. இங்குள்ள ஆதிவாசிகள் முதலமடைப் பஞ்சாயத்து ஆபீசுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக இன்னொரு மாநிலத்தைச் சுற்றிவர வேண்டியிருந்தது. மலையடிவாரத்துச் செம்மணாம்பதிக்கு நேராக இறங்கினால் சில கிலோமீட்டர்தான். அந்தத் துண்டுக்கு ஒரு சாலை கேட்டு வருடக்கணக்கில் மனுப் போட்டார்கள். வனச் சட்டம் குறுக்கே நின்றது. புலிக்கும் யானைக்கும் வழி விட வேண்டும் என்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 2020-ல் கொரோனா வந்து மாநில எல்லைகள் அடைபட்டபோது, அடுத்த மாநிலத்தை நம்பி ஒரு ஊர் இருப்பதன் அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது. அந்த வருடம் தேக்கடிவாசிகள் அனுமதிக்குக் காத்திருக்காமல் தாங்களே மண்வெட்டியுடன் பாதை வெட்ட இறங்கினார்கள்.

மரம் போவதற்கு இதே காட்டில் 80 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். மனிதர்கள் போவதற்குச் சில கிலோமீட்டர் மண் பாதை கேட்டால் அதைத் தாங்களே வெட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கொல்லங்கோட்டு வரப்பிலிருந்து மலையைப் படம் பிடிப்பவர்களின் காமிராவில் இது எதுவும் விழுவதில்லை.