பட்டா இருக்கு, வாங்கலாமா டீச்சர்?



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் பலர் இப்போது கவரைப்பேட்டை, பொன்னேரி பக்கம் மனை பார்க்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "பட்டா இருக்கு, வாங்கலாமா டீச்சர்?" நான் வக்கீல் இல்லை. காகிதங்களை வக்கீலிடம் காட்டியே ஆக வேண்டும். அவர் சொல்வது உங்களுக்குப் புரிவதற்காக நான்கு சொற்களை மட்டும் சொல்கிறேன்.

பட்டா: தாலுகா ஆபீஸ் தருவது. இந்த நிலத்துக்கு யாரிடம் வரி வாங்குவது என்பதற்கான வருவாய்த்துறைக் கணக்கு. பட்டா மட்டுமே சொத்துரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது.

கிரயப் பத்திரம்: 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலமோ வீடோ விற்பனையில் கைமாற, பதிவு செய்த பத்திரம் வேண்டும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் சொல்வது இது. ஆனால் விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்ப்பு சொல்வது சார்பதிவாளரின் வேலை அல்ல. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2025-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. தன்னிடம் இல்லாததை ஒருவர் எழுதிக் கொடுத்தால், முத்திரைத்தாளில் எழுதினாலும் நமக்கு எதுவும் வராது. அதனால்தான் தாய்ப்பத்திரம் தொடங்கி ஒவ்வொரு கை மாறியதையும் பார்க்கச் சொல்கிறார்கள்.

வில்லங்கச் சான்று: பதிவான கிரயம், அடமானம் எல்லாம் இதில் வரும். பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பதிவு செய்யாத உயிலும் வாய்மொழிப் பாகமும் இதில் வராது. 'வில்லங்கம் இல்லை' என்றால் 'பதிவில் இல்லை' என்றுதான் பொருள்.

பவர்: ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போடும் அதிகாரம், அவ்வளவுதான். பவரும் அக்ரிமென்டும் மட்டும் கையில் இருந்தால் சொத்து உங்களுடையது ஆகாது. 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை முடித்து வைத்தது.

இதெல்லாம் ஏட்டுப் பாடம் இல்லை. போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் பி.எஃப். பணத்தை எடுத்து, மனைவியின் நகையையும் அடகு வைத்து அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக இருந்தான். விற்பவர் பெயரில் பட்டா, வில்லங்கமும் சுத்தம். "அவருக்கு நிலம் எப்படி வந்தது?" என்று கேட்டேன். அப்பா சொந்தமாக வாங்கிய நிலமாம். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மூத்த மகன் என்று பட்டாவை இவர் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அம்மா இருக்கிறார். கல்யாணமான தங்கைகள் இரண்டு பேர்.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அம்மா, மகன், மகள்கள் எல்லாருக்கும் சம பங்கு. அப்படியானால் இவரால் விற்க முடிந்தது நாலில் ஒரு பங்கு. மாணவன் கொடுக்க இருந்ததோ முழு விலை! நால்வரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் மற்ற மூவரும் முதலில் அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். இதைக் கேட்டதும் புரோக்கருக்குக் கோபம். "தங்கச்சிங்களுக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்றாராம். சீர் செய்ததால் பங்கு போகாது. அட்வான்ஸ் இன்னும் மாணவன் கையில்தான் இருக்கிறது.

கடைசியாக என்னிடம் படித்த பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அண்ணன் தம்பி வீட்டிலிருந்து "சும்மா ஒரு கையெழுத்து" என்று கூப்பிட்டால் போங்கள், உறவு பெரியது. ஆனால் காகிதத்தின் மேலே என்ன தலைப்பு என்று படியுங்கள். 'விடுதலைப் பத்திரம்' என்றிருந்தால் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறீர்கள். விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் அது தெரிந்து செய்ததாக இருக்கட்டும். நான் உங்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது இதற்கும்தான்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்