விசைப்பலகையில் ஏழிசை

கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் வாங்கிய கணினியிலே இசை பிறக்கும் என்று நாம் எண்ணியதில்லை. சென்ற திங்களில் ஓரிரவு, நம் மகள் இணையத்தில் ஒரு பியானோவைத் திரையிலே விரித்து வைத்து, “தட்டிப் பாருங்கள், அப்பா” என்றாள். தட்டினோம். ‘ஏ’ எனும் எழுத்து குரலாயிற்று, ‘எஸ்’ துத்தம், ‘டி’ கைக்கிளை! ச-வும் ரி-யும் க-வும் எழுத்துகளுக்கடியில் இத்தனை நாள் உறங்கிக் கிடந்தனவோ என்று வியந்தோம். மேல் வரிசையின் ஐந்து எழுத்துகள் கருப்புக் கட்டைகளாயின.

வியப்பதற்கும் இடமில்லைதான். 1868-இல் அமெரிக்காவில் ஷோல்சும் அவர் கூட்டாளிகளும் காப்புரிமை பெற்ற எழுதும் பொறி, பியானோவினுடையதை ஒத்த கட்டைகளையே கொண்டிருந்தது. அன்று வாங்கிய கடனை இன்று திருப்பித் தருகிறது தட்டெழுத்து!

குறைகள் உண்டு. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால், சில வேளை ஒன்று ஊமையாகிறது. சகுனமுமன்று, சாபமுமன்று, தோழர்களே! விசைகளின் கீழே கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஒரு கட்டத்தின் மூன்று மூலைகள் அழுந்தினால், நான்காவதும் அழுந்தியதாகவே பொறிக்குத் தோன்றும். அந்த ஐயத்தால் மலிவான பலகை மூன்றாவதை ஏற்க மறுத்துவிடும். ஓங்கித் தட்டினாலும் மெல்லத் தொட்டாலும் ஒரே ஓசைதான். விசை அழுந்தியதா இல்லையா என்பதன்றி வேறெதுவும் அதற்குத் தெரியாது.

கமகமும் வாராது. ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு அதிர்வெண் ஏறத்தாழ ஆறு விழுக்காடு தாவுகிறது. இடையிலே வழுக்கிச் செல்ல வழியில்லை. இதே குற்றத்தைத்தான் ஆர்மோனியத்தின்மீதும் சாட்டினார்கள். 1842-இல் பாரீசில் தெபான் காப்புரிமை பெற்ற அக்கருவியை, 1940-இல் அகில இந்திய வானொலி விலக்கி வைத்தது. 1971-இல்தான் அவ்விலக்கு தளர்ந்தது. குற்றச்சாட்டு பொய்யென்று நாம் சொல்லவில்லை. குறையுடைய கருவி என்றால், குறையைச் சொல்லிவிட்டுக் கேட்கவிடுவதல்லவா முறை? இதில் வேடிக்கை ஒன்றுண்டு. ஆர்மோனியத்தை மேடைக்கருகே விடாத வித்துவானும், தம் குரலின் சுருதியை ‘ஐந்தரைக் கட்டை’ என்றுதான் சொல்வார். அந்தக் கட்டை எந்தக் கட்டை? ஆர்மோனியக் கட்டை!

நம் தந்தையார் நாடகக் குழுவொன்றில் அந்தப் பெட்டியைச் சுமந்தவர். ஊர் ஊராக, வண்டி போகாத வரப்புகளிலும், பதினோராண்டு சுமந்தார். சுமக்கலாம், வாசிக்கத் தொடலாகாது என்பது ஆசிரியரின் கட்டளை. காரணம், பிறப்பு. தோளில் ஏறும்போது ஒட்டாத தீட்டு, விரல் படும்போது ஒட்டிக்கொள்ளுமாம்! அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தோம். அவர் ஒரு கட்டையைக்கூட அழுத்திப் பார்த்ததில்லை என்றே நம்பியும் வந்தோம்.

அவருக்கு இப்போது எண்பத்து நான்கு. அன்றிரவு கட்டிலில் இருந்தவரைக் கைபிடித்து அழைத்து வந்து கணினியின்முன் அமர்த்தினோம். எந்த விசை எந்தச் சுரம் என்று மகள் காட்டினாள். அவர் வலக்கை விரல்கள் சற்றுத் தடுமாறின. பிறகு நான்கைந்து சுரங்கள் ஒழுங்காக வந்தன. நாம் பார்த்துக் கொண்டிருந்தது அவருடைய இடக்கையை. அது மேசையின் ஓரத்தைப் பற்றி, முன்னும் பின்னும் அசைந்து கொண்டிருந்தது, இல்லாத துருத்தியை இழுத்து இழுத்து.

“எப்போது கற்றீர்கள், அப்பா?” என்றோம்.

“எல்லோரும் தூங்கின பிறகு” என்றார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். “காற்று விடாமல் வெறும் கட்டையிலே. சத்தம் வராதே.”